அகசாவாவின் காற்று: காட்டில் மூச்சுப் பயிற்சி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஜப்பானின் நடுவில் இருக்கும் நகானோ மாகாணத்தில் கிசோ என்று ஒரு பள்ளத்தாக்கு. அதில் அகெமாட்சு என்று ஒரு சின்ன ஊர். ஊரிலிருந்து மலைப்பாதையில் ஏறிப் போனால், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் அகசாவா காடு தொடங்கும். 728 ஹெக்டேர் பரப்பு. அங்கே அதிகம் நிற்பவை ஹினோகி மரங்கள். சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்த அந்த மரங்களில் பலவும் 300 வயதைத் தாண்டியவை. 1982-ல் 'ஷின்ரின்-யோகு' என்ற பெயரில் முதல் நிகழ்ச்சி நடந்தது இந்தக் காட்டில்தான். ஷின்ரின் என்றால் காடு, யோகு என்றால் குளியல். காட்டுக் குளியல் என்று தமிழில் சொல்கிறோம். காட்டுக்குள் மெதுவாக நடப்பது, உட்காருவது, மூச்சு விடுவது, இவ்வளவுதான் அந்தக் குளியல்.

இந்த யோசனை ஜப்பானைத் தாண்டி எங்கெங்கோ போய்விட்டது. போன இடத்தில் எல்லாம் மூச்சுப் பயிற்சியும் அதோடு ஒட்டிக்கொண்டது. "மரங்களுக்கு நடுவே நின்று நன்றாக இழுத்து மூச்சு விடுங்கள், சுத்தமான ஆக்ஸிஜன் நிறையக் கிடைக்கும், எதிர்ப்புச் சக்தி கூடும், புற்றுநோய்கூட அண்டாது" என்று சொல்பவர்களை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நானும் காட்டில் மூச்சுப் பயிற்சி செய்வதை மனதார நம்புகிறவன். அதனாலேயே இதில் எது உறுதி, எது அரைகுறை, எது தவறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கு அகசாவாவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பெயர் பிறந்த இடம் இது. பிற்பாடு மருத்துவர்கள் ரத்தமும் சிறுநீரும் எடுத்து அளந்து பார்த்ததும் அகெமாட்சுவின் காடுகளில்தான். பேச்சும் அளவும் ஒரே ஊரில் கிடைப்பது அபூர்வம்.

தலை கொடுத்துக் காத்த காடு

அந்தக் காட்டு மரங்கள் எப்படி 300 வருடம் நின்றன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். காற்றைப் பற்றிப் பேசப்போகிறோம், காற்றைத் தருவது அந்த மரங்கள்தானே.

ஹினோகி நேராக வளரும், எளிதில் உளுத்துப் போகாது, அறுத்துப் பல வருடம் ஆன பிறகும் மணக்கும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் கோட்டைகளும் நகரங்களும் அடுத்தடுத்து எழும்பியபோது, கிசோ மலை மரங்களை வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டு போனார்கள். இரண்டு தலைமுறைக்குள் மலைகள் மொட்டையாகத் தொடங்கின. 1615 முதல் கிசோவைத் தன் கையில் வைத்திருந்த ஓவாரி அரசு விழித்துக்கொண்டு, 1665-ல் காட்டின் முக்கியமான பகுதிகளை மூடியது. பிறகு ஹினோகி, சவாரா, அசுனாரோ, நெசுகோ, கோயாமாகி என்ற ஐந்து வகை மரங்களையும் குடிமக்கள் தொடவே கூடாது என்றாயிற்று. 'மரம் ஒன்றுக்குத் தலை ஒன்று' என்று அந்தத் தடையை இன்றும் அந்தப் பக்கத்தில் நினைவுகூர்கிறார்கள். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த குடியானவனுக்கு வீட்டுக்கு ஒரு தூண் வெட்டக்கூட உரிமை இல்லை. அவர்கள் பட்ட பாட்டை விட்டுவிட்டு மரத்தின் அழகை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை. இன்று அகசாவாவில் நிற்கும் பெரிய மரங்கள், அந்த மூடலுக்குப் பிறகு தாமாக முளைத்து எழுந்தவை.

இசே பெருங்கோயிலை 20 வருடத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டும் வழக்கம் ஜப்பானில் உண்டு. அடுத்த கோயில் 2033-ல் எழும். அதற்கான முதல் மரங்களை 2025 ஜூன் மாதம் அகெமாட்சுவின் காட்டில் வெட்டினார்கள். மூன்று பக்கமிருந்து கோடாலியால் குடைந்து சாய்க்கும் பழைய முறை அது. வெட்டும்போது எழும் மணம்தான் நாம் இனி பேசப்போகும் விஷயத்தின் நடுநாயகம். காட்டில் மரம் இழுத்த குறுகிய ரயில் பாதை ஒன்றும் இருந்தது. 1975-ல் கிசோவின் காட்டு ரயில் வேலை முடிந்துபோனது. பிறகு 1987-லிருந்து அகசாவாவில் 1.1 கிலோமீட்டர் தூரத்துக்கு மட்டும் பயணிகளுக்காக அது ஓடுகிறது.

பெயர் முதலில், அளவு பிறகு

1982-ல் ஷின்ரின்-யோகு என்ற சொல்லை முன்வைத்தவர் அப்போது ஜப்பானிய வனத்துறையின் தலைவராக இருந்த டொமொஹிடே அகியாமா. அந்த வேளையில் கையில் மருத்துவ ஆதாரம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மரங்கள் கிருமிகளைக் கொல்லும் வாசனைப் பொருட்களை வெளியிடுகின்றன என்ற கருத்து இருந்தது. அந்தப் பொருட்களுக்கு 'ஃபைட்டான்சைடு' என்று பெயர் வைத்தவர் சோவியத் ஆய்வாளர் போரிஸ் டோகின், 1928-ல். அதையும், காட்டில் நடந்தால் மனம் லேசாகும் என்ற எல்லோருடைய அனுபவத்தையும் சேர்த்துத்தான் சொல் பிறந்தது.

வனத்துறைக்கு வேறு கவலையும் இருந்தது. 1964-ல் மர இறக்குமதிக்குக் கதவு திறந்த பிறகு வெளிநாட்டு மரம் மலிவாக வந்து இறங்கியது. 1980-ல் உச்சத்தில் இருந்த உள்நாட்டு மர விலை அதற்குப் பிறகு சரியத் தொடங்கியது. மரமாக விற்க முடியாத காட்டை வேறு எதற்காவது பயன்படுத்த வேண்டியிருந்தது. இதைச் சொல்வதால் யோசனை மட்டமாகிவிடாது. மக்கள் காட்டுக்கு வர வேண்டும் என்று வனத்துறை நினைத்தது நல்ல நினைப்புதான். ஆனால் 'பழங்கால ஜப்பானிய மரபு' என்று இதை விற்பவர்களைக் கண்டால், பெயருக்கு வயது நாற்பத்துச் சொச்சம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு எடுப்பது மெதுவாகத்தான் தொடங்கியது. 1990-ல் யோஷிஃபூமி மியாசாகி யாகுஷிமா தீவின் பழைய மரங்களுக்கு நடுவே ஆட்களை நடக்கவிட்டு, எச்சிலில் கார்டிசாலை அளந்தார். மன அழுத்தம் கூடும்போது கூடும் ஹார்மோன் அது. 2004-க்குப் பிறகு அரசும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து இறங்கிய பின்தான் வேலை சூடு பிடித்தது. 2006 முதல் குறிப்பிட்ட காடுகளுக்கு 'காட்டுச் சிகிச்சைத் தளம்' என்று சான்று கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்று அப்படிப்பட்ட இடங்கள் 60-க்கும் மேல், அகசாவாவும் அதில் ஒன்று.

பன்னிரண்டு பேரும் இரண்டு மணி நேரமும்

மருத்துவர் சிங் லீ இந்த ஆய்வுகளில் அதிகம் பேசப்படுபவர். நிப்பான் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர். 2005-ல் டோக்கியோவின் பெரிய நிறுவனங்களில் வேலை பார்க்கும் 12 ஆண்களை நகானோ மாகாணத்தின் இயாமா காடுகளுக்கு அழைத்துப் போனார். 37 முதல் 55 வயது வரை உள்ளவர்கள். மூன்று பகல், இரண்டு இரவு. முதல் நாள் பிற்பகல் இரண்டு மணி நேர நடை. இரண்டாம் நாள் காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம், வெவ்வேறு காடுகளில். அந்த நடையின் வேகத்தைக் கவனியுங்கள்: இரண்டு மணி நேரத்துக்கு 2.5 கிலோமீட்டர். நம் ஊரில் கோயில் பிராகாரத்தைப் பேசிக்கொண்டே சுற்றும் வேகத்தைவிடவும் குறைவு. உடற்பயிற்சி என்று அதைச் சொல்லவே முடியாது.

ரத்தத்தில் அவர்கள் பார்த்தது இயற்கைக் கொல்லி செல்கள், சுருக்கமாக என்.கே. செல்கள். வைரஸ் புகுந்த செல்களையும் புற்றாக மாறும் செல்களையும் தேடித் துளைக்கும் வெள்ளணுக்கள் இவை. பயணத்துக்குப் பிறகு 12 பேரில் 11 பேருக்கு இந்தச் செல்களின் வேகம் கூடியிருந்தது, ஏறக்குறைய 50 சதவீதம்.

சரி, வேலையை விட்டு மூன்று நாள் வெளியே போனால் யாருக்குத்தான் உடம்பு தேறாது? இந்தக் கேள்வி அவர்களுக்கும் வந்தது. அதனால்தான் 2006-ல் அகெமாட்சு. மறுபடியும் 12 ஆண்கள், 35 முதல் 56 வயது வரை. இந்த முறை அதே ஆட்களை வேறொரு சமயம் நகோயா நகரத்துக்கும் சுற்றுலா அழைத்துப் போனார்கள். அதே மூன்று நாள், அதே அளவு நடை. காட்டுப் பயணத்தில் என்.கே. செல்களின் வேகம் கூடியது, சிறுநீரில் அட்ரினலின் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. நகரப் பயணத்தில் என்.கே. செல்கள் அசையவில்லை. காட்டில் கிடைத்த ஏற்றம் ஏழு நாளுக்கு மேல் நீடித்தது. காற்றையும் பிடித்துச் சோதித்தார்கள். காட்டுக் காற்றில் ஆல்ஃபா-பைனீன், பீட்டா-பைனீன் போன்ற மர வாசனைப் பொருட்கள் இருந்தன. நகரக் காற்றில் அவை அநேகமாக இல்லை. பிற்பாடு 13 செவிலியர்களை வைத்துப் பார்த்தபோதும் பெண்களிடம் இதே போக்கு தெரிந்தது.

இதோடு இன்னொரு பெரிய ஆய்வையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஜப்பான் முழுக்க 24 காடுகளில் 280 இளைஞர்களை வைத்துச் செய்தது, 2010-ல் வெளியானது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு டஜன் பேர். பாதிப் பேர் காட்டுக்கு, பாதிப் பேர் நகரத்துக்கு, மறுநாள் இடம் மாற்றி. கால் மணி நேரம் நடப்பது, கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்ப்பது. நகரத்தோடு ஒப்பிட்டால், காட்டைப் பார்த்தபின் கார்டிசால் 13.4 சதவீதமும் நடந்தபின் 15.8 சதவீதமும் குறைவாக இருந்தது. நாடித்துடிப்பும் குறைந்தது. மேல் ரத்த அழுத்தம் குறைந்தது 2 சதவீதத்துக்கும் உள்ளாகத்தான். 120 இருந்தால் 118 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை நம்பி யாரும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நல்லது நடக்கிறது, ஆனால் அதன் அளவு இவ்வளவுதான்.

அகெமாட்சு ஆய்வின் பலவீனமும் வெளிப்படையானது. ஆள் 12 பேர். காட்டில் இருக்கிறோம் என்பது காட்டில் இருப்பவனுக்குத் தெரியும், அந்த எண்ணமே உடம்பில் வேலை செய்யும். மாத்திரை ஆய்வில் போலி மாத்திரை கொடுக்கலாம், போலிக் காடு கொடுக்க முடியாது. என்.கே. செல் ஒரு வாரம் சுறுசுறுப்பாக இருந்தது என்பதும், அந்த மனிதருக்குப் புற்றுநோய் வராது என்பதும் ஒன்றில்லை. இரண்டாவதை யாரும் நிரூபிக்கவில்லை. நோயாளிகளிடம் போய் அதைச் சொல்கிறவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

ஆக்ஸிஜன் கணக்கு

இப்போது மூச்சுக்கு வருவோம். காட்டில் ஆக்ஸிஜன் அதிகம் என்பதுதான் மிகப் பரவலாகச் சொல்லப்படும் காரணம். அது தவறு.

காற்றில் ஆக்ஸிஜன் சுமார் 20.9 சதவீதம். நெரிசலான தெருவிலும் அதே, அடர்ந்த காட்டிலும் அதே. மரங்கள் பகலில் விடும் ஆக்ஸிஜன் வளிமண்டலம் என்ற பெருங்கடலில் கலந்து கரைந்துபோகிறது, ஒரு மரத்தடியில் நின்றதால் நமக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைப்பதில்லை. அகசாவாவில் நிலைமை இன்னும் தலைகீழ். 1,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 12 சதவீதம் குறைவு. ஆக, டோக்கியோவில் இழுக்கும் மூச்சில் இருப்பதைவிட அங்கே ஒரு மூச்சில் ஆக்ஸிஜன் குறைவுதான். ஆரோக்கியமான ஆளுக்கு அது பொருட்டே இல்லை, கடல் மட்டத்தில் நம் ரத்தம் 97, 98 சதவீதம் நிறைந்துதான் ஓடுகிறது. இன்னும் இழுத்து இழுத்து அதில் என்ன நிரப்புவது?

ஆனால் இந்தத் தவறான நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு. ஆக்ஸிஜனை அள்ளிவிட வேண்டும் என்று காட்டுக்குள் நின்று வேகவேகமாக, பெரிது பெரிதாக மூச்சு இழுக்கிறார்கள். உடம்புக்கு ஆக்ஸிஜன் கூடுவதில்லை, கார்பன் டை ஆக்சைடுதான் ரத்தத்திலிருந்து அளவுக்கு மீறி வெளியேறுகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை சுற்றும், விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், சிலருக்கு மயக்கமே வரும். 'சக்தி ஏறுகிறது' என்று சிலர் அதை ரசிக்கிறார்கள். வழுக்குப் பாறையும் ஓடையும் இருக்கும் இடத்தில் அது ஆபத்து.

அப்படியானால் மூச்சில் என்ன பயன்? மெதுவில் இருக்கிறது பயன். ஒரு சின்னக் கணக்கு. சாதாரணமாக ஒரு மூச்சுக்கு 500 மில்லி காற்று உள்ளே போகிறது. அதில் சுமார் 150 மில்லி மூக்கிலும் தொண்டையிலும் குழாய்களிலுமே தங்கி, நுரையீரலின் காற்றறைகளை எட்டாமல் திரும்பிவிடும். நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் மொத்தம் 6 லிட்டர் காற்று, அதில் உருப்படியாகக் காற்றறைக்குப் போவது 4.2 லிட்டர். அதே 6 லிட்டரை நிமிடத்துக்கு 6 மூச்சாக, ஒரு மூச்சுக்கு 1,000 மில்லியாக இழுத்தால் காற்றறைக்குப் போவது 5.1 லிட்டர். உழைப்பு கூடாமலே வேலை நன்றாக நடக்கிறது.

இதயத்துக்கும் இதில் பங்கு உண்டு. மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் விரையும், விடும்போது தளரும். துடிப்பைத் தளர்த்தும் வேகஸ் நரம்பின் பிடி, விடும் நேரத்தில் கூடுவதுதான் காரணம். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற வேகத்தில் இந்த ஏற்ற இறக்கமும், ரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் உடம்பின் தானியங்கி முறையும் ஒன்றோடொன்று இசைந்து போகின்றன. 2001-ல் இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவரோடு சேர்ந்தவர்களும் ஓர் அழகான விஷயத்தைக் கண்டார்கள். லத்தீனில் ஜெபமாலை சொல்பவர்களுக்கும், 'ஓம் மணி பத்மே ஹூம்' என்று உச்சரிப்பவர்களுக்கும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு அளவில் வந்து நின்றது. அந்த வேகத்தில் இதயத்தின் தாளம் சீரானது. இரண்டு மதம், இரண்டு மொழி, ஒரே மூச்சு. படித்த நாளிலிருந்து எனக்கு மறக்காத விஷயம் இது.

மூக்கு வழியாக இழுப்பதற்கும் காரணம் உண்டு. மூக்கைச் சுற்றியுள்ள முக எலும்பின் குழிகளில் (சைனஸ்) நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுரக்கிறது. மூக்கால் இழுக்கும் மூச்சோடு அது நுரையீரலுக்குப் போய் ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. வாயால் இழுத்தால் அது கிடைக்காது. வாசனையும் மூக்குக்குத்தானே தெரியும்.

காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்தால்

இங்கேதான் இந்த ஆய்வின் சிக்கலான இடம். அகெமாட்சுவில் நடந்த 12 பேருக்கும், 24 காடுகளில் உட்கார்ந்த 280 பேருக்கும் மூச்சுப் பயிற்சியின் பலன் என்று தனியாக எதையும் பிரித்து அளக்கவில்லை. அவர்கள் நடந்தார்கள், பார்த்தார்கள், மூச்சும் விட்டார்கள். ஆகவே 'காட்டில் மூச்சுப் பயிற்சி செய்தால் என்.கே. செல் கூடும் என்று ஜப்பானில் நிரூபித்துவிட்டார்கள்' என்ற வாக்கியம் அப்படியே நிற்காது. என்ன செய்யலாம் என்றால், வேறு வேறு சோதனைகளைப் பக்கத்தில் வைத்து ஓரளவு ஊகிக்கலாம்.

வாசனை மட்டும், காடு இல்லாமல்: சிங் லீயின் குழு 2009-ல் வெளியிட்டது. 12 ஆண்கள் நகரத்து ஹோட்டலில் மூன்று இரவு தங்கினார்கள். பகலில் வழக்கமான வேலை. இரவில் அறையில் ஹினோகி மரத்தண்டின் எண்ணெயை ஈரப்பதக் கருவி வழியாக ஆவியாக்கி விட்டார்கள். மரமும் இல்லை, பறவையும் இல்லை. இருந்தும் என்.கே. செல்களின் வேகம் கூடியது, அட்ரினலின் குறைந்தது. மூக்கு வழியே போகும் வாசனைக்குத் தனி வேலை இருக்கிறது என்பதற்கு இது நல்ல சாட்சி. சின்னச் சாட்சிதான், மறுபடியும் 12 பேர்.

பார்வை மட்டும், காற்று இல்லாமல்: 1984-ல் ராஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தார். 23 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்கு ஜன்னலில் மரம் தெரிந்தது, மற்றவருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலுவான வலி மருந்தும் குறைவாகவே வாங்கினார்கள்.

மூச்சு மட்டும், காடு இல்லாமல்: பெர்னார்டியின் ஜெபமாலைக்காரர்கள். அவர்கள் காட்டுக்குப் போகவில்லை.

மூன்றும் தனித்தனியாக ஏதோ செய்கின்றன. சேர்ந்தால் கூடுமா, கூடினால் எவ்வளவு என்பதை இந்தத் துண்டுகளை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் காட்டுக்குப் போகிறவனுக்கு மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே செலவில் கிடைக்கின்றன. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த 2.5 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்தில் அவ்வளவு தூரம்தான் நடப்பது என்று வைத்துவிட்டால், கால் மெதுவாகிறது. கால் மெதுவானால் மூச்சு கேட்காமலே மெதுவாகிறது. மூச்சு மெதுவான பிறகுதான் வாசனை தெரிகிறது. மூச்சுப் பயிற்சியைக் காட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்கிறோம் என்று நினைக்கிறோம். பாதி வேலையைப் பாதையே செய்துவிடுகிறது, நாம் அவசரப்படாமல் இருந்தால்.

அங்கே போய் என்ன செய்வது

அகசாவாவில் எட்டு நடைபாதைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று சக்கர நாற்காலியும் போகும்படி மரப்பலகை போட்ட பாதை. வயதானவர்களுக்கும் மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கும் அதுவே போதும், ஏற்றம் ஏறி இறைத்துக்கொண்டு மூச்சுப் பயிற்சி செய்வதில் அர்த்தம் இல்லை. காட்டுக் குளியலில் வழிகாட்டுபவர்கள் இடையிடையே நிறுத்தி வயிற்றால் மூச்சு விடச் சொல்வதுண்டு.

செய்யும் முறை எளிது. முதல் அரை மணி நேரம் எதுவும் செய்யாமல் நடக்க வேண்டும். அப்புறம் சாய்ந்து உட்கார ஓர் இடம். மூக்கால் நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுவது. பத்து நொடிக்கு ஒரு மூச்சு, நிமிடத்துக்கு ஆறு. வயிறு முன்னே வர வேண்டும், தோள் ஏறக்கூடாது. யோகம் பழகியவர்கள் பூரகம், கும்பகம், ரேசகம் என்று மூன்றாகப் பிரிப்பார்கள், நடுவில் இருக்கும் அடக்கல் இங்கே தேவையில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைச் செய்யவே கூடாது. ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. எண்ணிக்கை தொந்தரவாக இருந்தால் எண்ணுவதை விட்டுவிட்டு, விடும் மூச்சை மட்டும் கொஞ்சம் நீட்டினால் போதும். தலை லேசாகச் சுற்றினால் உடனே சாதாரண மூச்சுக்குத் திரும்ப வேண்டும். ஆஸ்துமா இருப்பவர்கள் இன்ஹேலர் இல்லாமல் போகக் கூடாது. மலைக் காலையின் குளிர்காற்றே சிலருக்கு மூச்சுக் குழாயை இறுக்கிவிடும்.

வாசனைப் பொருட்கள் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வெயில் ஏறி இலை சூடானால் மரம் அதிகம் வெளிவிடும். காற்று அசையாமல் இருந்தால் அது மரங்களுக்கு அடியிலேயே தங்கும். பலத்த காற்று வீசும் மலைமுகட்டைவிட, ஓடைக்கரைப் பள்ளத்தில் மணம் நன்றாகத் தெரிவது இதனால்தான். இன்னொன்று, கிசோவில் கரடி உண்டு. கண்ணை மூடி உட்காருகிறவர்கள் தனியாகப் போகாமல் இருப்பது நல்லது.

அதே மரம், அதே மூச்சு

கடைசியாக ஒரு விஷயம், இந்த ஆய்வில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. காட்டுக் குளியலின் தாய்நாட்டில் கோடிக்கணக்கானவர்களுக்கு வசந்த காலத்தில் மரக்காற்று என்றாலே பயம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு வெறுமையாகக் கிடந்த ஜப்பானிய மலைகளில் சுகி என்ற ஊசியிலை மரம், ஹினோகி இரண்டையும் கூட்டம் கூட்டமாக நட்டார்கள். சீக்கிரம் வளரும், வீடு கட்ட உதவும் என்ற கணக்கு. மேலே சொன்னபடி இறக்குமதி மரம் வந்ததும் அந்தத் தோப்புகளை வெட்ட ஆள் இல்லை. மரங்கள் முதிர்ந்தன, முதிர்ந்தபோது மகரந்தம் கொட்டத் தொடங்கின. 1964-ல் நிக்கோ நகரில் சுகி மகரந்த ஒவ்வாமை முதன்முதலாக ஆய்வேட்டில் பதிவானது. 2019-ல் நாடு தழுவி எடுத்த கணக்கெடுப்பில் 42.5 சதவீதம் பேருக்கு மகரந்த ஒவ்வாமை இருந்தது. சுகி மட்டும் 38.8 சதவீதம். பிப்ரவரியிலிருந்து சுகி, அது அடங்கும்போது ஹினோகி, மே மாதத் தொடக்கம் வரை. தும்மல், கண் அரிப்பு, மூக்கடைப்பு. நாலு எண்ணி மூக்கால் இழுக்கச் சொல்வதற்கு முன்னால், அந்த மூக்கு திறந்திருக்கிறதா என்று கேட்க வேண்டிய நிலை.

ஹோட்டல் அறையில் என்.கே. செல்லைத் தூண்டியதும் ஹினோகி, ஏப்ரல் மாதத்து டோக்கியோவில் முகக்கவசம் மாட்டவைப்பதும் ஹினோகி. தண்டின் எண்ணெய் ஒன்று, பூவின் தூள் இன்னொன்று, மரம் ஒன்றே. மூச்சில் எது வருகிறது என்பது எந்த மாதத்தில் போகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒவ்வாமை உள்ளவர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போகும் யாரும் இதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

அகசாவா ஏப்ரல் கடைசியில் பார்வையாளர்களுக்குத் திறக்கிறது, நவம்பர் தொடக்கத்தில் பனிக்கு முன் மூடுகிறது. திறக்கும் சமயத்தில் ஹினோகி மகரந்தக் காலம் இன்னும் முடிந்திருக்காது. ஜூன், ஜூலை மழைக்காலம். ஆகஸ்டில் விடுமுறைக் கூட்டம். மருத்துவர்கள் அந்த 12 பேரை அகெமாட்சுவுக்கு அழைத்துப் போனது செப்டம்பரில்.